தண்ணி ஏறாத வண்டி

வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து, குனிந்து, மோந்து பார்க்கிறார்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டு ரப்பர் விரிப்பைத் தூக்குகிறார்கள். போல்ட்டின் தலையை நகத்தால் சுரண்டுகிறார்கள். பெண்ணையாற்று வண்டல் ஒரு தடவை ஏறிவிட்டால் லேசில் போகாது. எத்தனை கழுவினாலும், வெயில் ஏறும்போது ஈரச்சாக்கு வாடை ஒன்று கிளம்பும். அந்த வாடை வந்தால் பாதி விலை போயிற்று.

குமரவேலின் ஜீப்பில் அந்த வாடை கிடையாது. இருந்தும் அவன் இரண்டு நாளாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ் ஒன்றை டீசலில் நனைத்துக்கொண்டு அடியில் மல்லாந்து படுத்து, இல்லாத வண்டலைத் தேடினான்.

சோரியாங்குப்பத்தில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வீட்டுக்கும் கரும்புக் கொல்லைக்கும் நடுவில் அவனுடைய பட்டறை. தகரக் கொட்டகை. முன்பெல்லாம் டிராக்டர் டிப்பருக்கு வெல்டிங் வைப்பதும், சேறடிக்கும் இரும்புச் சக்கரம் செய்வதும்தான் வேலை. பிறகு மலையிலும் மணலிலும் சேற்றிலும் வண்டி ஓட்டிப் பார்க்கிற கூட்டம் ஒன்று பாண்டியில் உண்டாயிற்று. அவர்களுக்காகப் பழைய ஜீப்பை எலும்பு வரைக்கும் பிரித்து, உயரம் ஏற்றி, பெரிய டயர் மாட்டி, கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காதபடி குழாயில் கூண்டு வளைத்துக் கொடுப்பான். ஒன்றை விற்றுத்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். இது மூன்றாவது. நான்காவதின் சட்டம், துருப்பிடித்த இரும்பு ஏணி மாதிரி, கொட்டகையின் மறுபாதியில் சிமெண்டுக் கற்களின் மேல் ஏற்கெனவே கிடந்தது. இது விலை போனால்தான் அதற்கு இன்ஜின்.

இந்த மூன்றாவதில் அவன் பெருமையாகச் செய்தது ஒன்று உண்டு. இன்ஜின் மூச்சு இழுக்கிற குழாயை பானட்டுக்கு வெளியே எடுத்து, கண்ணாடி ஓரமாகக் கூரை மட்டத்துக்கு நிமிர்த்திவிட்டிருந்தான். பானட் முழுகுகிற தண்ணீரிலும் வண்டி நிற்காது. பார்த்த அன்றைக்கே, அடுத்த வீட்டு பக்கிரி அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டார்.

விற்பனைக்குப் படம் போட்டு அவன் எழுதியிருந்ததை, ஃபோனை எடுத்து அவன் மனைவி செல்வகுமாரி வாய்விட்டுப் படித்தாள்.

"'ஆள் முழுகும் தண்ணியிலும் போகும். வெள்ளத்தில் மாட்டாத வண்டி.'" நிறுத்தினாள். "ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாவா போடுவ?"

"அதானே கேக்கறாங்க."

"ம். கேக்கறாங்க."

ஃபோனை பானட்டின் மேல் வைத்துவிட்டு, முருங்கைக்கீரைக் கொத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலிப் படலைத் தள்ளி பக்கிரி வீட்டுக்குப் போனாள். பக்கிரியின் மனைவி சின்னபொண்ணுவுக்குக் கீரை உருவிக் கொடுக்க. ஒரு வருஷத்துக்கு மேலாக அது நடக்கிறது. சின்னபொண்ணுவின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கீரை உருவ, பூண்டு உரிக்க, தலை பின்ன ஆகாது. பால் கறக்கவும் ஆகாது. இரண்டு பசுவையும் இப்போது பக்கிரிதான் கறக்கிறார். செல்வகுமாரி போவதற்கும் வருவதற்கும் அவன் காரணம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. குமரவேல் வீட்டில் அந்தக் கையைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை.

*

வெள்ளம் வந்த அன்று, கார்த்திகை மழை இரண்டு நாள் ஓயாமல் அடித்து, மேலே அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். விடியலில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆள் தெருத்தெருவாகச் சொல்லிப் போனார். ஆற்றோரத் தெருவில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். மழைச் சத்தத்தின் நடுவே தெருமுனையிலிருந்து யாரோ கத்தியது குமரவேலுக்குக் கேட்டது. "கொமாரு ஜீப்பு கீதேப்பா! அத்தக் கூப்புடு, ரெண்டு நட அடிச்சா முடிஞ்சிது!"

அப்போதுதான் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தான். கடலூரிலிருந்து ஒருவர் அந்த வாரமே எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அது மட்டும் இல்லை. தும்பிக்கைக் குழாயின் இணைப்பைப் பசை போட்டுத்தான் அடைத்திருந்தான். தண்ணீரில் இறக்கிப் பார்த்ததே இல்லை. அந்த இணைப்பு ஒரு மடக்கு தண்ணீரை உள்ளே விட்டால் இன்ஜின் அங்கேயே செத்துப்போகும். ஊரெல்லாம் அவன் வேலையை நம்பிக் கூப்பிட்டது. அவனுக்கு நம்பிக்கை இல்லை.

ஜாக்கியை வைத்துத் தூக்கி, பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி மூலையில் உருட்டிவிட்டான்.

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கிரி வந்தபோது, அவன் கையில் ஸ்பானரோடு நின்றிருந்தான்.

"கியர்பாக்ஸு பிரிச்சிப் போட்டுட்டேன் மாமா. ஓடாது."

செல்வகுமாரி அப்போது வாசற்படியில் டீ தம்ளரோடு நின்றாள். அவனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பக்கிரி வண்டியைச் சுற்றி வந்தார். "அட கெரகமே. இன்னிக்கின்னா பாத்து." தகரத்தின் கீழே வழிந்து வருகிற தண்ணீரைப் பார்த்தார். "ஆனா கொமாரு, தண்ணி ஏறுனா இத்து உள்ள பூந்துடுமேடா. ஜாக்கி ஒசரம் பத்தாதே. இரு வரேன்."

அவர் வீட்டில் குளியலறை கட்ட சிமெண்டுக் கல் இறக்கி வைத்திருந்தார். ஓட்டை இல்லாத கெட்டிக் கல். அதை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் திரும்பத் திரும்ப வந்தார். வண்டியின் நான்கு மூலையிலும் அடுக்கினார். குமரவேல் ஜாக்கி போட்டான், அவர் கல்லைச் செருகினார். "இப்ப ஏறுதான்னு பாப்போம்" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் கல் சுமந்த நேரத்தில்தான், பரணில் ஏறிய ஆட்டுக்குட்டியை இறக்க சின்னபொண்ணு கையை நீட்டியிருக்கிறாள். பரணில் தண்ணீருக்குப் பயந்து ஏறியிருந்த விரியன் கையைப் பிடித்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பக்கிரி கொட்டகையைக் கடந்து போனார். செலியமேடு வரைக்கும் அப்படியே போய், அங்கே ஒரு டிராக்டர் கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனதாகப் பிறகு சொன்னார்கள். கொட்டகையைக் கடந்தபோது அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓடாத வண்டியை எதற்குத் திரும்பிப் பார்ப்பது? கரும்புச் சோகைத் தட்டியின் இடுக்கு வழியாக குமரவேல் பார்த்தான். சக்கரம் மூலையில்தான் கிடந்தது. மாட்டுவது பெரிய வேலை இல்லை. மாட்டினால், கொஞ்சம் முந்தி சொன்னது பொய் என்று தெரிந்துபோகும்.

அந்த ஒன்றுக்காக நின்றான். தண்ணீருக்கோ இன்ஜினுக்கோ பயந்து அல்ல என்பது அவனுக்கு அப்போதே தெரியும்.

தண்ணீர் மேல் கல்லுக்கு ஒரு சாண் கீழே நின்று வடிந்தது. கடலூர்க்காரர் வரவில்லை, வெள்ளத்து ஊர் வண்டியே வேண்டாம் என்றுவிட்டார். பக்கிரி வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவோடு குளியலறை அப்படியே நின்றது. கல்லை அவர் கேட்கவில்லை. குமரவேல் அதன் மேல் புதுச் சட்டத்தைத் தூக்கி வைத்தான்.

*

வில்லியனூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மாலிக், வெள்ளம் வந்து ஒரு வருஷம் தாண்டிய மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவசரப்படாத ஆள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறினார். விரிப்பைத் தூக்கினார், மோந்தார், போல்ட்டைச் சுரண்டினார்.

"எம் மூக்குக்கு ஒண்ணும் தட்டல" என்றார். "ஆனா தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் ஒருத்தர் சென்ட்டு அடிச்சி வெச்சிருந்தார்."

"எங்கிட்ட அந்தக் கத கெடையாது பாய்."

"சொல்ற வெலைக்கி நான் கேட்டுத்தான ஆவணும். ரெண்டு வெல வெச்சிருக்கீங்க இதுல. வேலைக்கி ஒண்ணு, தண்ணி ஏறாததுக்கு ஒண்ணு. ரெண்டாவது பொய்யின்னா மொதலாவதுக்கும் மரியாத இல்ல."

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு காலி கேனோடு வந்துகொண்டிருந்த பக்கிரி, புது ஆளைப் பார்த்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அறுபதை நெருங்கியவர். எங்கே நாலு பேர் நின்றாலும் அங்கே ஐந்தாவதாக நிற்க ஆசை.

"பாய், இது ஜீப்பு இல்ல, யான. தெனம் ஒரு கட்டு கரும்பு போடணும், வூட்ல இருக்குதா?"

மாலிக் சிரித்தார். "நீங்க பக்கத்து வூடா பெரியவரே? வெள்ளத்துல இத்து தண்ணிக்குள்ள நின்னுதா?"

குமரவேல் கைத்துணியால் ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினான்.

"நிக்கிறதா! நாந்தான பாய் கல்லு கொணாந்து அடுக்குனேன். பாத்ரூம் கட்ட வெச்சிருந்த கல்லு. தோ, அந்த எலும்புக்கூட்டுக்கு அடியில கீது பாரு, அதே கல்லுதான். ஒரு சொட்டு ஏறல. வேணும்னா ஊர்ல யாரக் கேளு."

மாலிக் கற்களைப் பார்த்தார், பக்கிரியைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "இவ்ளோ நல்ல சனம் பக்கத்துல இருக்கறது ஒரு குடுப்பினை" என்றார் குமரவேலிடம்.

"ஆமா பாய்" என்றான்.

செல்வகுமாரி மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தேங்காய் துருவிக் கொண்டுவந்தாள். பக்கிரிக்கு முதலில் கொடுத்தாள். "அண்ணி சாப்ட்டாங்களா ண்ணா?"

"நீதான காலையிலயே கொழம்பு குடுத்துட்டு வந்த. அது தின்னுட்டு மாட்ட திட்டிக்கினு கீது."

கிழங்கைத் தின்று முடித்ததும் மாலிக் கேட்டார். "தண்ணில எறக்கிக் காட்டுறீங்களா? அந்தக் கொழாயிக்குத்தான துட்டு. பெரியவரே, நீங்களும் வாங்க. எங்க ஆழம்னு உங்களுக்குத்தான தெரியும்."

பக்கிரிக்கு அந்த வண்டியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூண்டுக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, குந்தின மாதிரியும் நின்ற மாதிரியும் பின்னால் தொற்றிக்கொண்டார். வழியெல்லாம் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்து, "ஏய், தள்ளுங்கடா, சாமி பொறப்பாடு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

ஆற்றில் ஓட்டம் நின்று, தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. உடைந்த தடுப்பணைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் நடந்து போய்க் காட்டினார் பக்கிரி. நடுவில் அவருக்கு மார்பளவு இருந்தது. "அடியில மணலு. பொதையாது. வா!"

குமரவேல் முதல் கியரைப் போட்டான். இந்த வண்டி தண்ணீரைத் தொடுவது இதுதான் முதல் தடவை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முன்சக்கரம் இறங்கியது. விளக்குகள் முழுகின. பானட்டின் மேல் தண்ணீர் விரித்த துணி மாதிரி ஏறி வந்தது. காலடியில் சில்லென்று இருந்தது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் சத்தம் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. குழாய் தலைக்கு மேலே காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. நடுப்பள்ளம் கடந்தது. அக்கரை மணலில் ஏறி, நான்கு பக்கமும் தண்ணீரைச் சொரிந்துகொண்டு வண்டி நின்றது.

போயிருக்கும், என்று நினைத்தான். அன்றைக்கும் இப்படியே போயிருக்கும்.

நனைந்து ஓடி வந்தார் பக்கிரி. பானட்டை மாட்டைத் தட்டுவது போல் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேங்கப்பா! இன்னா ஓட்டம்டா கொமாரு! என் ராசா! அன்னிக்கி மட்டும் இது ஓடியிருந்தா!"

மாலிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தவர் ஒரு காலை ஊன்றியபடி நின்றார். "ஓடலயா? என்னிக்கி?"

"வெள்ளத்தன்னிக்கிதான் பாய். கியர்பாக்ஸு பூரா பிரிச்சிப் போட்டுக் கெடந்துச்சி. பாவம், அவன் இன்னா பண்ணுவான்."

"கியர்பாக்ஸ் பிரிச்ச வண்டியா?" மாலிக் குமரவேல் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாத குரல். "சொல்லவே இல்லியே நீங்க. தொறக்காத டப்பான்னுதான ஃபோன்ல சொன்னீங்க?"

"தொறக்கல பாய்."

"பெரியவர் பிரிச்சிக் கெடந்துச்சிங்கறார்."

"அதொண்ணுமில்ல பாய்…"

"இல்ல, பிரிக்கறது தப்பில்ல. எதுக்குப் பிரிச்சீங்க, எத்த மாத்துனீங்கன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன வெலய எறக்கிக்கலாம். இல்லன்னா நான் வுட்டுட்டு வேற பாக்கறேன்."

பக்கிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வாய் எதையோ கெடுத்துவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. "இல்ல பாய், எனக்கு இன்னா தெரியும், மாடு கறக்கறவன். நான் எதனா தப்பா சொல்லிருப்பேன். நல்ல வண்டி பாய், நல்ல புள்ள." குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லுடா கொமாரு. சரி பண்ணிட்டேன்னு சொல்லு" என்றார்.

வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குமரவேலின் கண்ணுக்கு முன்னால் கல் மேல் கிடந்த சட்டம் வந்தது. அதற்கு வரவேண்டிய இன்ஜின் வந்தது. பிரித்தேன் என்றால் விலை இறங்கும், அவ்வளவுதான். பக்கிரி முன்னால் எல்லாம் அப்படியே இருக்கும். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் முந்திக்கொண்டது. வாங்க வருகிறவர்களிடம் பேசுகிற, உற்சாகமான, சுத்தமான குரலில்.

"கியர்பாக்ஸ்ல கைய்யே வெக்கல பாய். சீல் ஒடைக்காம அப்டியே கீது, வேணும்னா கீழ பூந்து பாருங்க. பின்சக்கரம் ரெண்டு மட்டுந்தான் கழட்டி வெச்சிருந்தேன். வண்டி அன்னிக்கும் ஓடற நெலமதான். பத்து நிமிசத்துல மாட்டிக்கலாம்."

மாலிக் உடனே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் கியர்பாக்ஸின் மேல் பழைய பெயிண்ட் வெடிக்காமல் இருந்தது. "ஆமா" என்றார் அங்கிருந்தே. "தொட்ட மாதிரி இல்ல."

பக்கிரியின் கை பானட்டின் மேலேயே இருந்தது. சிரிப்பு முகத்தை விட்டு ஒரேயடியாகப் போகவில்லை. போகவேண்டிய இடம் தெரியாததுபோல் உதட்டோரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அவர் குமரவேலைப் பார்க்கவில்லை. பானட்டைப் பார்த்தார், தும்பிக்கையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார், தாண்டி வந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"நீங்க போங்க" என்றார். "நான் இப்டி நடந்து வரேன். கன்னுக்குட்டி இந்தப் பக்கம் கட்டிருக்கேன்."

அவருடைய கன்றுக்குட்டி வீட்டுக் கொட்டிலில் கட்டியிருந்தது. வரும்போது இருவரும்தான் பார்த்தார்கள்.

*

பட்டறையில் வந்து இறங்கியதும் செல்வகுமாரி கேட்டாள். "அண்ணா எங்க?"

"நடந்து வராரு."

"அவ்ளோ தூரம் எதுக்கு நடக்கணும்?"

குமரவேல் ஈரமான விரிப்பை உருவி வெயிலில் போட்டான். மாலிக் இருந்தார், அதனால் அவளும் கேட்கவில்லை. கிழங்குத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், மாலிக் தம்பியை அழைத்து வரக் கிளம்பிய பிறகு, உள்ளிருந்தே, "நீ சொல்லிட்டியா?" என்றாள். அவன் விரிப்பைத் திருப்பிப் போட்டான். "அண்ணங்கிட்டயா சொன்ன, இல்ல அவருகிட்டயா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

குமரவேல் கேட்ட விலையை மாலிக் குறைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் தம்பியை அழைத்து வந்து பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். முதல் இரண்டு வண்டிக்கும் செல்வகுமாரிதான் கற்பூரம் சுற்றிப் பழம் வைத்தாள். இன்றைக்குத் தலைவலி என்று படுத்துவிட்டாள். குமரவேல் பழத்தைத் தேடினான், எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "பரவால்லங்க, எங்களுக்கு அதெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு மாலிக் வண்டியை எடுத்தார். திருப்பத்தில் தும்பிக்கை மட்டும் கரும்புக்கு மேலே கொஞ்ச தூரம் தெரிந்தது.

*

மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு பக்கிரி வழக்கமான நேரத்துக்கு வந்தார். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வராமல், தகரத்தின் ஓரத்தில் நின்றார்.

"அந்தக் கல்ல எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

குமரவேல் எழுந்தான். புதுச் சட்டத்தின் குறுக்குக் கம்பியில் அளவு குறித்துக்கொண்டிருந்த சாக்பீஸ் கையிலேயே இருந்தது.

"பாத்ரூம் செவுரு பாதியில நிக்கிதுல்ல" என்றார் பக்கிரி. "அதான்."

"தரேன் மாமா. நானே கொணாந்து போட்றேன். சாயங்காலத்துக்குள்ள…"

"இல்ல, இப்பவே எடுத்துக்கறேன்."

குந்தி உட்கார்ந்துகொண்டார். அவசரம் காட்டவில்லை. குமரவேல் ஜாக்கியைக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்துத் தூக்கினான். அவர் கல்லை உருவினார். அன்றைக்குச் செருகிய அதே வரிசையில், தலைகீழாக. சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணில் முட்டியது. இரண்டாவது மூலைக்குப் போகும்போது, கல்லில் ஒட்டிய கிரீஸை விரலால் வழித்தபடி அவர் கேட்டார்.

"அவளத் தோள்ல போட்டுக்கினு இந்த வழியாத்தான் போனேன்."

"ம்."

"அப்ப நீ உள்ள இருந்தியா?"

ஜாக்கியின் கம்பியை குமரவேல் விடாமல் பிடித்திருந்தான். இல்லை என்று சொல்ல இடம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தேன் என்று சொல்லலாம். இதற்கு விலை ஒன்றும் இல்லை; சொன்னால் ஒன்றும் கிடைக்காது.

"இருந்தேன் மாமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

பக்கிரி விரலில் வழித்த கிரீஸை மண்ணில் தேய்த்தார். திட்டுவார் என்று குமரவேல் எதிர்பார்த்தான். எழுந்து வந்து ஓர் அறை விட்டாலும் தேவலை என்று இருந்தது.

"சரி" என்றார். "அந்த மூலைய ஏத்து."

கற்கள் வெளியே குவிந்தன. துண்டைச் சும்மாடு கூட்டி, ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கிரி படலைத் தாண்டிப் போனார். சைக்கிளில் வைத்து ஒரே தடவையில் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்குக் கொண்டுவந்தது போலவே கொண்டுபோனார்.

செல்வகுமாரி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். குளித்துத் தலை உலராமல் இருந்தது. புருஷனைப் பார்க்காமல் குனிந்து ஒரு கல்லை இடுப்புக்கு ஏற்றினாள்.

"நீ எதுக்கு? நான் தூக்கறேன்" என்றான்.

"அன்னிக்கி நானும் அங்கதான் நின்னேன்" என்றாள். பக்கிரியின் பின்னால் போனாள். அடுத்த நடையிலும் வந்தாள், அதற்கடுத்த நடையிலும். கடைசியாக அவள் போனபோது திரும்பி வரவில்லை.

ஒரு கல் மிச்சம் இருந்தது. ஜாக்கிக்கு உயரம் பற்றாமல் அதற்கு அடியில் வைத்திருந்தது. ஜாக்கியை இறக்கினான். நான்காவது வண்டியின் சட்டம் நீளவாக்கில் மண்ணில் படிந்தது. அதற்கு அடியில் புகுந்து இனி எந்த வேலையும் செய்ய முடியாது. அந்தக் கல்லைத் துணியால் துடைத்தான். கிரீஸ் போகவில்லை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினான். பிறகு மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படலைத் தள்ளினான்.

பக்கிரி வீட்டு வாசலில் பாதி எழும்பிய சுவருக்குப் பக்கத்தில் கற்கள் அடுக்கியிருந்தன. பக்கிரி கொட்டிலில் மாட்டின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சாணி வாரினார். செல்வகுமாரி கிணற்றடியில் அந்த வீட்டுத் துணியை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சின்னபொண்ணு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். இத்தனை வருஷமாக, அவனைக் கண்டதும், "வாடா, உள்ள வா" என்பதுதான் அவள் வாயில் முதலில் வரும். தம்பி முறை அவன். கல்லோடு அவன் நிற்பதைப் பார்த்தாள்.

"எங்க வெக்கட்டும் க்கா?"

அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. அங்கே வை என்று கை காட்டவும் இல்லை. இறங்கி வந்தாள்.

"குடு" என்றாள்.

பழக்கத்தில் வலது கைதான் முதலில் நீண்டது. கருத்து விறைத்த மூன்று விரல்கள் கல்லின் விளிம்பில் வந்து படிந்து, மடங்காமல் நின்றன. அவன் விட்டால் கல் அவள் காலில் விழும். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, இடது கையை அடியில் கொடுத்து, இடுப்பைச் சாய்த்து, மெதுவாக இடம் மாற்றினாள். அது வரைக்கும் அவன் கல்லைப் பிடித்துக்கொண்டே நின்றான்.